போன் வரும்வரை ஓர் ஆட்டம்

பினாயில் போட்டுத் துடைத்த தரையின் ஈரம் உள்ளங்காலில் பிசுபிசுக்க, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால், ரெக்ஸின் உறையும் சூடேறிய ஒயரும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். திண்டுக்கல்லில் நான் படித்த பெண்கள் பள்ளியின் "கம்ப்யூட்டர் ரூம்" அதுதான். வகுப்பறைகளில் மின்விசிறியே ஒழுங்காகச் சுற்றாத அந்தப் பள்ளியில் இந்த ரூமுக்கு மட்டும் ஜன்னலுக்குத் திரை, கதவுக்குப் பூட்டு, சூடம் காட்டாத குறைதான். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருஷங்களில் ஒன்று அது. ஆபீஸ் ரூம் டெலிபோனிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, நான் சொல்ல வருகிற அந்த வாரம்தான் "நெட்" கொடுத்திருந்தார்கள்.

ஹாஸ்டலில் எனக்கு அடுத்த படுக்கை முத்துலட்சுமிக்கு. குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு அவர்களுக்கு. மழை பொய்த்த வருஷம். ஒன்பதாவதோடு மகளை நிறுத்திவிட்டு நூல்மில்லுக்கு அனுப்பலாமா என்ற யோசனையிலிருந்த அவளுடைய அப்பா, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தபோது ஒரு கெடு வைத்துவிட்டுப் போனார். "வெள்ளிக்கிழம சாயந்தரம் போன் போடுறேன். இந்தப் புள்ள மேல படிச்சு வரும்னு டீச்சரம்மா ஒரு வார்த்த சொன்னாப் போதும், விட்டுர்றேன். இல்லாட்டி மில்லுதான்." எங்கள் வகுப்பாசிரியை ஸ்டெல்லா மிஸ் அந்த ஒரு வார்த்தையை வாரம் முழுக்க மெருகேற்றி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு மிஸ்ஸும் நாங்கள் நாலைந்து பேரும் ஆபீஸ் ரூமில் போனுக்காகக் காத்திருந்தோம். முத்துலட்சுமி நகத்தைக் கடித்துக் கடித்து விரலில் ரத்தமே வந்துவிட்டது. பார்க்கச் சகிக்காமல் மிஸ், "சும்மா உக்காந்திருந்தா நெனப்பு அங்கேயேதான் போகும், போன் வர்ற வரைக்கும் ஒரு கேம் ஆடுவோம்" என்று பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் ரூமைத் திறந்து, மாணவர்களுக்கான ஒரு நெட் விளையாட்டைப் போட்டார். மனசுக்குள் நாம் ஒரு பொருளை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அது என்ன என்பதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். ஆங்கிலக் கேள்விகளை மிஸ் தமிழில் சொல்ல, எங்களையெல்லாம் அது ஊதித் தள்ளிவிட்டது.

முத்துலட்சுமி நினைத்தது அவர்கள் காட்டில் மாட்டுக்கென்று அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்பு.

அதற்கு உயிர் உண்டா என்றது. "இருந்துச்சு மிஸ்" என்றாள். வீட்டை விடப் பெரியதா என்றது. "எங்க வீட்ட விடப் பெருசு." தின்னலாமா? "மாடு திங்கும்." கடைசியில் அது யானையா என்று கேட்க, நாங்கள் சிரித்த சிரிப்பில் முத்துலட்சுமியும் நகத்தை மறந்தாள். தோற்றேன் என்று கம்ப்யூட்டரே ஒத்துக்கொண்டதும் இன்னொன்று, இன்னுமொன்று என்று அவளே அதை மடக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தால் காதில் விழட்டுமென்று கதவைத் திறந்தே வைத்திருந்தோம். அடிக்கவேயில்லை. இருட்டும்வரை இருந்தோம், மறந்திருப்பார் என்று மிஸ் சொன்னார்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார் அவளுடைய அப்பா. கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, அடங்கின குரலில், "பேச இஷ்டமில்லைன்னா நேர்லயே சொல்லிருக்கலாம்ல டீச்சரம்மா, போன எடுத்தாக் கீழ வைப்பாக? பூத்துல நின்னு அம்புட்டு நேரம் அடிச்சேன், எங்கேஜ் சத்தந்தான்" என்றார். ரிசீவரை வேண்டுமென்றே எடுத்து வைத்துவிட்டதாக அவர் நினைப்பு. நெட் ஓடினால் அந்த லைனில் வேறு போன் வராது என்பது அப்போதுதான் மிஸ்ஸுக்கு உறைத்தது. கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தோம் என்று உள்ளதைச் சொன்னார். அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

"வெளையாடவா நான் புள்ளய விட்டேன்" என்று கேட்டவர், மிஸ் வாரம் முழுக்க வைத்திருந்த வார்த்தையைக் காதில் வாங்கவேயில்லை. முத்துலட்சுமி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். "வெளையாட்டு வினையாகும்" என்றார் வார்டன். எல்லாம் முடிந்த பிறகு பழமொழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு அன்றைக்கு அழுகையாக வந்தது, யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

நானும் ஆசிரியையாகிவிட்டேன். பாடமே இப்போது விளையாட்டாகத்தான் நடக்கிறது. நெட்டில் கேள்வி போட்டால் பிள்ளைகள் தட்டித் தட்டிப் பதில் சொல்ல, திரையில் பெயர்கள் ஏறி இறங்குகின்றன. நடத்திய விளையாட்டுக்குப் போட்டோ எடுத்து மேலே அனுப்பி முடிப்பதற்குள் எனக்கு அலுத்துவிடுகிறது. எஸ்.டி.டி. பூத்தெல்லாம் எப்போதோ போய்விட்டது, "எங்கேஜ்" சத்தம் எப்படியிருக்குமென்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு முத்துலட்சுமி வந்திருந்தாள். அவள் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டாள், நன்றாகப் படிக்கிறாள் என்றேன். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னாள்:

"எதுன்னாலும் எனக்கே போன் போடுங்க டீச்சர். வேலையில இருந்தாலும் எடுத்துருவேன். அவ அப்பாவுக்குப் போட வேணாம்."

முத்து என்று கூப்பிட வாயெடுத்தேன், வரவில்லை. "சரிங்கம்மா" என்றேன்.