அவள் போட்ட கோடு

மூன்றாம் ஆண்டு வரை வகுப்பில் தூக்கிக் காட்டப்பட்டது என் நோட்டுதான். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். வார்டில் நாங்கள் பார்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் கேர் பிளான் எழுத வேண்டும். என்ன பிரச்சினை, என்ன செய்யப்போகிறோம், செய்ததில் என்ன பலன் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புகளைச் சிவப்பு மையில் எழுதுவேன். என் நோட்டைப் பார்த்துத்தான் பாதி வகுப்பு எழுதும்.

அந்த வருடம் புதிதாக ஒரு மேடம் வந்தார். வந்த முதல் வாரமே கட்டங்களை நிறுத்தினார். சார்ட் பேப்பரின் நடுவில் நோயாளியை எழுது, சுற்றிலும் அவருடைய பிரச்சினைகளை எழுது, எது எதனால் வந்தது என்று கோடு போட்டு இணை என்றார். அதற்குக் கான்செப்ட் மேப் என்று பெயர். "கோடு மட்டும் போட்டா போதாது. ஏன் அந்தக் கோடுன்னு அது மேலேயே எழுதணும்" என்றார்.

நான் வளையலை வைத்து எட்டு வட்டம் வரைந்தேன். ஆறு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. நடுவிலிருந்து எட்டு வட்டத்துக்கும் எட்டுக் கோடு. மேடம் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. ஆனா இந்த எட்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லியா?" என்று கேட்டார். பிறகு ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரியின் படத்தை எடுத்துச் சுவரில் குத்தினார்.

அவள் குளச்சல்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். ஹாஸ்டலில் இரண்டு வருடமாக எங்களுக்கு ஒரே அறை. ஊருக்குப் போய் வந்தால் அவள் கொண்டு வரும் கருவாட்டுப் பொடியில் பாதி எனக்குத்தான். அவளுடைய படம் பால்பாயிண்ட் பேனாவில் கோணல்மாணலாக இருந்தது. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடின. எல்லோரும் அதைச் சுற்றி நின்றபோது நானும் போய் நின்று, ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துப்பிழை என்று எண்ணினேன். நான்கு. அன்று இரவு அவள் நீட்டிய கருவாட்டுப் பொடியை வேண்டாம் என்றேன்.

அடுத்த மாதம் ஆண்கள் சர்ஜரி வார்டில் எங்கள் இருவருக்கும் ஒரே நோயாளி. எனக்குக் காலை, அவளுக்கு மதியத்துக்குமேல். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். சர்க்கரை நோய். காலில் புண் வந்து இரண்டு மாதமாக ஆறவில்லை. வீட்டில் போடச் சொல்லி இன்சுலின் கொடுத்திருந்தும் அவர் ஒழுங்காகப் போடவில்லை. ஏன் போடவில்லை? எங்கள் புத்தகத்தில் அதற்குத் தயாராக ஒரு சொல் இருந்தது: அறியாமை. அதை எழுதி, வட்டம் போட்டு, பச்சை நிறம் அடித்தேன்.

படங்களைக் காட்டவேண்டிய நாளுக்கு முந்தின மதியம் அவள் டியூட்டிக்குப் போயிருந்தாள். அவள் சார்ட் மேசைமேல் விரிந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். 'ஊசி போடாதது' என்ற இடத்திலிருந்து ஒரு கோடு போய், 'விடியுமுன் பால்வெட்டு' என்பதைத் தொட்டது. கோட்டின்மேல் நெருக்கி எழுதியிருந்தாள்: காலையில் ஊசி போட்டு வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போய் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார், அந்தப் பயத்தில் விட்டுவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புதுக்கடைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் மரம். பால் வெட்ட வருகிறவர்களைச் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். இவள் வீட்டைச் சுற்றி மணல். இவளுக்கு எப்படி இது கிடைத்தது?

புது சார்ட் பேப்பர் எடுத்தேன். அவள் திரும்பி வருமுன் வரைந்து முடித்துச் சுருட்டிவைத்தேன்.

வரிசையில் என் எண் முன்னால் வரும். நான் விளக்கி முடித்ததும் மேடம் முகம் மலர்ந்தது. "இத எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எங்க ஊர்ல ரப்பர் உண்டு மேடம். எனக்குத் தெரியும்" என்றேன். பாதி உண்மை என்பதால் குரல் நடுங்கவில்லை.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். கையில் சுருட்டிய சார்ட்டோடு எழுந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சார்ட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "முடிக்கல்ல மேடம்" என்றாள். விரித்திருந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருந்திருக்கும். எங்கள் இருவரில் யார் பார்த்து எழுதியதாக வகுப்பு நம்பும் என்பது அவளுக்குத் தெரியும்.

படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, எனக்க பேப்பர பாத்தியா?"

நான் ஒரு படி இறங்கினேன். அவள் விடவில்லை.

"எங்க அப்பா வெறும் வயித்துல கடலுக்குப் போறவரு. அதனால வார்டுல அவருட்ட, காலைல எப்பம் சாப்பிடுவியன்னு கேட்டேன். நீயும் கேட்டிருக்கலாம்லா?"

மறுநாள் வார்டில் மேடம் என்னை அந்த ரப்பர் வெட்டுகிறவரின் கட்டிலுக்கு அழைத்துப் போனார். வீட்டுக்குப் போகிறவருக்கு ஊசி போடுவதைப் பற்றி நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார்: "மோளே, அந்தக் குளச்சல் பிள்ளை வரலியா? மரத்துக்குப் போற அன்னைக்கு எப்பம் ஊசி போடணும்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுகேன்னு சொன்னா. அவகிட்ட மட்டும்தான் நான் இதச் சொன்னேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "படம் அவளுக்குள்ளது மேடம்" என்றேன்.

எனக்கு மதிப்பெண் கிடையாது என்றார். அவள் தன் படத்தைக் காட்டினாள். டாக்டர் சாப்பாட்டு நேரத்தையும் ஊசி நேரத்தையும் மாற்றி எழுதிக் கொடுத்தார். நோயாளி வீட்டுக்குப் போகும்போது அவள் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். நான் குளியலறையில் போய் அழுதேன். செய்த தப்புக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான். அந்தக் கை என் தலையில் இல்லையே என்றுதான் அழுதேன். அந்த வாரமே அவள் வேறு அறைக்கு மாறிப் போனாள்.

அதற்குப் பிறகு நான் நோயாளிகளின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தேன். கருணையால் இல்லை. அவளுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைக்க வேண்டும். முதலில் நான் கேட்டதெல்லாம் போலீஸ்காரர் விசாரிப்பதுபோல் இருந்திருக்கும்; யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழக எனக்கு மாதங்கள் ஆயின.

கடைசி ஆண்டில் பெண்கள் வார்டில் கோட்டாற்றுக்காரி ஒருவர் இருந்தார். ஆபரேஷன் முடிந்தவர், தண்ணீர் குடிக்க மறுத்தார். சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல். எல்லோரும் திட்டினார்கள். நான் அவருக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்: "கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்ல மக்கா. குடிச்சா போணும்லா?"

தாழ்ப்பாளைப் போடவைத்தேன். அன்று மாலைக்குள் ஒரு செம்பு காலி.

வராந்தாவில் குளச்சல்காரி எதிரே வந்தாள். ஒரு வருடமாகப் பேசாதவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "எப்படிக் கேட்ட அவங்கட்ட?"

"கேக்கல்ல. தல பின்னினேன்."

பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். அவள் என்னிடமிருந்து ஒன்றை எழுதிக்கொண்டாள் என்று அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. படுக்கும்போதுதான் தோன்றியது: ஏன் சொன்னேன்? இதையும் அவள் என்னைவிட நன்றாகச் செய்யப்போகிறாள்.