பம்பரம் காட்டிய பாதி அறை

ஒரு இடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். கல்லூரிக் கோடை விடுமுறையில் முன்பின் தெரியாத ஒரு பெருநகரத்தில், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பயிற்சி கிடைத்தபோது தாய்மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவளா? ஒரே வாரத்துல பெட்டி படுக்கையோட வந்து நிப்பா, பாரு அக்கா!"

அந்தச் சிரிப்புதான் அவளை ரயிலேற்றியது. ரயில் போய்விட்டது, வீம்பும் அதோடு போய்விட்டது. மாணவர் விடுதியின் மூன்றாவது மாடி அறையில் அவள் மட்டும் நின்றாள், பாவம்.

அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று, விடுமுறையிலும் தங்கிப் படிக்கும் பார்மசி மாணவியுடையது. சுருக்கமில்லாத விரிப்பு, உயரம் பார்த்து அடுக்கிய புத்தகங்கள், கண்ணாடியில் ஒரு தூசி கிடையாது. மற்றது பம்பரத்தின் கட்டில். வெறும் மெத்தை, அதன் காலடியில் அவளுடைய பெட்டி. காலையில் ஒரு துணியை உருவிக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடிவிடுவாள். எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிவிட்டால் இங்கேயே தங்கிவிட வேண்டியதுதானே!

வேலை விட்டு வந்தால் இருப்புக் கொள்ளாது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பாள். மொட்டை மாடிக்கு ஏறுவாள், ஏறிய வேகத்தில் இறங்குவாள்.

"தரை தேஞ்சுடும்டி, கொஞ்சம் உக்காரு" என்பாள் பார்மசிக்காரி.

"உக்காந்தா அழுதுடுவேன்."

"அப்ப நட தாயே, நல்லா நட."

தானாகத் திரும்பிப் போனால் காலமெல்லாம் மாமாவின் வாயில் விழ வேண்டும். அம்மாவே கூப்பிட்டால்? 'வந்துடு கண்ணு' என்று ஒரே ஒரு வார்த்தை! அதற்காகத்தான் அவள் தினமும் வீடியோவில் அழைத்தாள். ஆனால், அப்பா போன பிறகு ஜெராக்ஸ் கடையில் நின்று நின்றே கால் வீங்கிப்போன அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய வாய் வேறு கதை பேசியது. பார்மசிக்காரி குளிக்கப் போகும் நேரம் பார்த்து, அவளுடைய பாதி அறையைத் தன்னுடையதாகக் காட்டினாள்.

"இதாம்மா என் கட்டில். இது என் அலமாரி."

"அடேயப்பா! இங்க சாக்ஸுக்கு ஜோடி தேடத் தெரியாது, அங்க புஸ்தகத்த அளவெடுத்து அடுக்கியிருக்கே!"

அம்மாவின் அந்தப் பூரிப்பை எப்படி உடைப்பாள்? பொய் நாளுக்கு நாள் வளர்ந்தது. அலமாரிக்குள் தொங்கிய உடைகள்கூட அவளுடையவை ஆயின.

ஒரு சாயங்காலம் அப்படி அவள் காட்டிக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. தலை நிறைய நுரையோடு பார்மசிக்காரி.

"குழாயில தண்ணி நின்னுபோச்சு! நீ தண்ணி ஆபீஸ்தானே, என்னன்னு கேளு! அது சரி, என் கட்டில் மேல ஏறி என்னடி பண்றே?"

பம்பரம் கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்தாள். போன் சரிந்தது. வெறும் மெத்தையும் மூடிய பெட்டியும் அம்மாவின் கண்ணில் பட்டன.

அம்மா மெல்லச் சொன்னாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்."

"எப்படிம்மா?"

"ரெண்டு தலகாணி இல்லாம நீ என்னிக்குடி தூங்கியிருக்கே? அந்தக் கட்டில்ல ஒண்ணுதானே இருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவே. நீ அழுதா நான் கடைய அப்படியே போட்டுட்டு ரயிலேறிடுவேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "போதும் கண்ணு. மாமா வாய நான் அடைச்சுக்கறேன். வந்துடு."

வந்துவிட்டது அந்த வார்த்தை! எதற்காக இத்தனை நாள் தவித்தாளோ, அது. சரிம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்; வந்தது வேறு.

"இன்னிக்கு ஒரு ஸ்கூல் குழாயில தண்ணி பிடிச்சு, தட்டுல ஊத்தி, சூட்டுப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேம்மா. கிருமி இருந்தா நாளைக்குப் புள்ளி புள்ளியா முளைச்சிருக்கும். பாக்கணும்."

"ஏன், வேற யாரும் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்க. ஆனா அந்தப் பிள்ளைங்க குடிக்கறத நான் பாத்தேம்மா. நாந்தான் பாக்கணும்."

"பாத்துட்டு வர்றியா?"

"பாத்துட்டு... அடுத்த குழாய்க்குப் போகணும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அந்தப் பக்கம் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. இரண்டும்தான்.

"ரெண்டு பேரும் அப்புறமா அழுங்க ஆன்ட்டி, எனக்குக் கண்ணு எரியுது!" என்று கத்தினாள் பார்மசிக்காரி.

குடிக்கிற தண்ணீர்க் கேனைச் சாய்த்து அவள் தலையை அலசிக்கொண்டு வருவதற்குள், பம்பரம் தன் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க காத்தே வரல. ஜன்னல் பக்கம் தள்ளணும். ஒரு கை பிடிடி."

"இப்பவேவா?"

"இப்பவே."

இரும்புக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. கீழேயிருந்து வார்டனின் குரல் கிளம்பியது.

"மேல யாரு? கட்டடத்தையே இடிக்கறீங்களா?"

பம்பரம் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "குடி வர்றேன் மேடம்!"

"வந்து எத்தன நாளாச்சு, இப்பத்தான் குடி வர்றியா?"

அதற்குள் அவள் கட்டிலிடம் திரும்பிவிட்டாள். உடைந்த தரை ஓட்டில் கட்டிலின் ஒரு கால் மாட்டிக்கொண்டிருந்தது.