அம்மாவுக்கு அண்ணா தேடிய பதில்

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அண்ணாவிடம் மருந்தெடுத்தவர்களுக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு மலர் என்றோ அச்சாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது எனக்காக இருக்கும், எழுதுபவர் அண்ணாவாக இருப்பார் என்றே நானும் நினைத்திருந்தேன். சிறு வயதிலேயே சீனி வருத்தம் என்னும் நீரிழிவு வந்த நான் நாற்பதைத் தாண்டி இருக்கிறேன். என்னை உயிரோடு இருக்க வைத்தவர் முந்திப் போய்விட்டார். இதைப் பற்றி அண்ணாவோடு சண்டை பிடிக்க வேண்டும் போல இருக்கிறது. அதற்கும் உடம்பில் தெம்பில்லை. பெரியவர்கள் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

அண்ணா திருகோணமலையில் உட்துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கையில் பிறந்தவர். அப்பா கடற்படைப் பண்டசாலையில் கணக்கெழுதுபவராக இருந்தார். நான் நடை பழகும் முன்பே அவர் காய்ச்சலில் காலமானார். அதன் பிறகு அம்மா தையல் மெஷினில் குனிந்தவர்தான். அண்ணா கொழும்பில் மருத்துவம் படித்து முடிக்கும் வரை நிமிரவில்லை. அண்ணாவுக்கும் எனக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். எனக்கு அவர் பாதி அண்ணா, பாதி அப்பா.

சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு நான் பெரியபிள்ளையானேன். அதற்குச் சில கிழமைகளுக்கு முன்பிருந்தே எனக்கு ஓயாத தாகம். உடம்பும் மெலிந்துகொண்டே போனது. வளருகிற பிள்ளை மெலியும், பெரியபிள்ளையானால் தேறிவிடும் என்று ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நமது வழக்கம் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வார்த்து ஒரு மூலையில் இருத்தி, காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு இனிப்புக்குப் பனங்கட்டி போட்டுக் கிண்டிய உழுத்தங்களி. நான் எலும்பும் தோலுமாக இருந்தபடியால் அம்மா களியை அள்ளி அள்ளித் தந்தார், பனங்கட்டியையும் கூடவே போட்டார். தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும் என்று தண்ணீரை மட்டும் குறைத்தார்கள். சடங்கு நாளன்று கூறைச் சேலையோடு மணையில் இருந்தபடியே நான் மயங்கிச் சரிந்தேன்.

கொழும்பிலிருந்து ரயிலில் வந்திறங்கிய அண்ணா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது அவர் கடைசி ஆண்டு மாணவர். சீனி வருத்தம் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். நான் கண் விழித்தபோது அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அண்ணாவைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, நான் கிண்டிக் குடுத்த களியாலயோ பிள்ளைக்கு இது வந்தது?"

"களி வருத்தத்தைக் கூட்டியிருக்கும் அம்மா. வந்தது எதால எண்டு தெரியாது. அறிஞ்சு சொல்லுறன்."

அண்ணாவோடு பழகியவர்களுக்கு இந்தப் பதில் புதினமாக இராது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வராது. மழை வருமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால்கூட, கறுத்துக் கிடக்கும் வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "சொல்ல ஏலாது" என்பார். அந்தக் குணத்தை நான் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறேன். ஆனால் அம்மா அந்தப் பதிலை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். ஓம் என்று சொல்ல மகனுக்கு மனம் வரவில்லை, அதனால் மழுப்புகிறான் என்று நினைத்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் குசினியில் களி கிண்டியதில்லை. அம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டார். சாமத்தியச் சடங்கு வீடுகளுக்குப் போவதையும் விட்டார். சின்னம்மாவின் மகளுடைய சடங்குக்கு இரவிரவாகப் பலகாரம் சுட்டுக் கொடுத்தனுப்பியவர், தான் மட்டும் போகவில்லை. "என்ர கை சரியில்லை" என்றார். சின்னம்மா கோபித்துக்கொண்டு கனகாலம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அண்ணா படிப்பை முடித்துச் சில ஊர்களில் வேலை பார்த்த பின் திருகோணமலைக்கே கேட்டு வந்தார். சீமைக்குப் போய் மேலே படிக்க வாய்ப்பு வந்தபோது போகவில்லை. எனக்கு ஒரு வழி பிறக்காமல் தனக்குக் கலியாணம் வேண்டாம் என்று நின்றார். சீனி வருத்தக்காரியை யார் கட்டுவார்? எனக்கும் நடக்கவில்லை, அவருக்கும் நடக்கவில்லை. இன்சுலின் போத்தல் ஈர மணலுக்குள் புதைத்த பானையில் இருக்கும். காலையில் கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைப்பதும், என்னுடைய சிறுநீரை மருந்துத் தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்கிப் பார்ப்பதும் அண்ணாவின் வேலை. நீலமாக இருந்தால் நல்லது. செங்கல் நிறமாக மாறினால் சீனி கூடிவிட்டது; அண்ணா என்னைப் பார்ப்பார். இவை எல்லாம் இடியப்பம் அவிகிற அடுப்புக்குப் பக்கத்தில் நடந்தபடியால் அம்மா இருவரையும் சேர்த்துத் திட்டுவார்.

இவ்வளவோடு அவர் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் இன்னும் சில காலம் இருந்திருப்பாரோ என்னவோ. அம்மாவுக்குச் சொன்ன "அறிஞ்சு சொல்லுறன்" அவரை விடவில்லை. ஆங்கிலேயக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் கட்டிலும் அலுமாரியும் எடுத்தார்கள். அண்ணா, கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு பழைய பித்தளை நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து அதற்கு முன்னால் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளரின் வீடுகளுக்குப் போவார். பெண்களோடு பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நிலாவெளிக்குப் பஸ், மூதூருக்கு லோஞ்சுப் படகு. ஊசி போட்ட உடம்போடு வெயிலில் அலைந்து அலைந்து எனக்கு வெறுத்துவிட்டது.

சிறு வயதில் சீனி வருத்தம் வந்தவர்களின் உறவினரிடம் அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான். யாருக்காவது கழுத்தில் வீக்கம் உண்டா, தோலில் வெள்ளை படர்ந்ததா, காலையில் மூட்டுகள் வீங்கி விறைக்கின்றனவா? வெள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் வீடே இறுகிவிடும். நிலாவெளியில் ஒரு தாய், "எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் இல்லை டொக்டர்" என்று சொல்லிக்கொண்டே முழங்கையைச் சேலையால் மூடினார். அண்ணா, "சரி அம்மா" என்று எழும்பிவிட்டார். நாங்கள் படலையைத் தாண்டியபோது அந்தத் தாய் பின்வளவால் வந்து என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, எனக்கும் இருக்கு, என்ர தமக்கைக்கும் இருக்கு. வீட்டில கலியாணம் பேசுற பொடிச்சி நிக்கிறா. ஊருக்குள்ள கதை வராமல் பாக்கச் சொல்லு டொக்டரிட்ட."

அண்ணா யாருடைய கதையையும் வெளியே விட்டதில்லை. இப்படிச் சேர்ந்தவற்றை வைத்து அவர் ஒன்றை நினைத்தார். கழுத்து வீக்கம், வெள்ளை, மூட்டு வாதம், பிள்ளைகளின் சீனி வருத்தம் எல்லாம் ஒரே குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருவதென்றால் அவற்றுக்கு வேரும் ஒன்றாக இருக்கலாம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். வருத்தம் வந்த உடனேயே இறந்துபோன ஒரு பிள்ளையின் சதையியிலிருந்து, அதாவது கணையத்திலிருந்து, எடுத்த மெல்லிய துண்டு. இன்சுலினைச் சுரக்கும் இடத்தைச் சுற்றி ஊதாப் புள்ளிகள், விபத்து நடந்த இடத்தில் சனம் கூடியது போல மொய்த்துக்கொண்டு நின்றன.

"இதைத்தான் அழற்சி எண்டு சொல்லுறது. இவை உடம்பின்ர காவல்காரர், தங்கச்சி. வெளியால வாற கள்ளனை அடிக்க வேண்டியவை வீட்டுக்காரனையே அடிச்சுப்போட்டினம் எண்டு நினைக்கிறன்."

"அப்ப இதை அம்மாவுக்குச் சொல்லுங்களன்."

"இது நினைப்புத்தானே. இன்னும் நிறுவேல்லை."

எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார். இவ்வளவு குறைந்த பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரி என்று அண்ணாவே சொன்னார்; எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸும் லோஞ்சும். அண்ணாவின் தலை நரைத்தது. அம்மாவுக்குக் கண் மங்கியது. சீனியில்லாத தேத்தண்ணி மட்டும் மாறவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம் அண்ணா வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தார். சிறு வயதில் சீனி வருத்தம் வந்தவர்களின் இரத்தத்தில், சதையியையே தாக்கும் பிறபொருளெதிரிகளை, அண்ணா சொன்ன காவல்காரரின் ஆயுதங்களை, கண்டுவிட்டார்கள். தான் காண வேண்டியதை வேறு யாரோ கண்டார்களே என்ற கவலை அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை. சோற்றைக்கூடப் பார்க்காமல் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"அம்மா, நீங்கள் என்னட்ட ஒண்டு கேட்டனீங்கள். தங்கச்சிக்கு வருத்தம் வந்த நேரம்."

"களியைத்தானே?" என்றார் அம்மா, நேற்றுக் கேட்டது போல.

"ஓம். களியால இல்லை அம்மா. நீங்கள் களி குடாமல் விட்டிருந்தாலும் வந்திருக்கும். அவளின்ர உடம்பே தன்ர சதையியை எதிரி எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டுது. இப்ப அதுக்குச் சாட்சி இருக்கு."

அம்மா அண்ணாவின் பக்கம் திரும்பினார். பிறகு, "உனக்கு இது இண்டைக்குத்தான் தெரியுமோ?" என்று கேட்டார்.

"கனகாலமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். சாட்சி இல்லாமல் எப்பிடி அம்மா சொல்லுறது?"

"நான் என்ன நீதவானே தம்பி, சாட்சி கேக்க? நீ வாயால சொல்லியிருந்தால் காணும். நான் நம்பியிருப்பன்."

அண்ணா எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நின்றார். அன்று பின்னேரம் அம்மா தேத்தண்ணிக்குச் சீனி கேட்டார். ஆசையாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "கடுமையா இனிக்குது" என்று கோப்பையை வைத்துவிட்டார். அடுத்த மாரிக்காலத்துக்குள் அம்மா காலமானார்.

அதற்குப் பிறகு அண்ணா ஆராய்ச்சியை விடவில்லை. ஆனால் ஆள் மாறிவிட்டார். மயங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடி வந்தால், தாதியிடம் ஊசி மருந்தை எடுக்கச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் தாயின் பக்கம் திரும்பி ஒரு சொல் சொல்லிவிடுவாராம். சோதித்துப் பார்க்க முன்பே இப்படிச் சொல்லலாமா என்று இளம் டொக்டர் ஒருவர் கேட்டதற்கு, "பிழையெண்டால் பிறகு திருத்துவம்" என்றாராம். மழை வருமா என்றதற்கே பதில் சொல்லாத மனிதர் இப்படிச் சொன்னார் என்று கேட்டபோது நான் நம்பவில்லை.

நெஞ்சு நோவை எத்தனை மாதமாக மறைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. ஊரிலுள்ளவர்களின் உடம்பையெல்லாம் துருவித் துருவிக் கேட்டவர் தன் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு காலை என்னுடைய சிரிஞ்சைக் கொதிக்க வைத்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று கதிரையில் சாய்ந்தார். நான் ஊசி போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணா, என்னோடு இருந்த உங்களுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக முடியவில்லையா?

செய்தி கேட்டதும் ஓடி வந்து பந்தல் போட்ட எங்கள் லிங்கநகர் அயலவர்களுக்கும், என் சாப்பாட்டு நேரத்தையும் ஊசி நேரத்தையும் தவறவிடாமல் பார்த்த தாதிமாருக்கும், பழைய கோபத்தை மறந்து வந்து என்னோடு தங்கியிருக்கும் சின்னம்மாவுக்கும், கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து கடல் கடந்து வந்தவர்களை வீட்டில் இருத்தி உபசரிக்க என்னால் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தாய், அண்ணாவின் பிரேதப் பெட்டியைத் தூக்க முன் என்னிடம் வந்து, "டொக்டர் ஐயா என்ட புள்ளயப் பாக்க முந்தி என்னத்தான் பாத்தவர். 'உங்களால இல்லை' எண்டு சொன்னவர்" என்று சொல்லி அழுதார். அவருடைய பெயரைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அம்மா அரைவாசி வாழ்நாள் காத்திருந்து கேட்டதை, அந்தத் தாய் பிள்ளைக்கு ஊசி ஏற முன்பே கேட்டிருக்கிறார். அம்மா, உங்களிடம் படித்ததைத்தான் அண்ணா அவருக்குச் சொன்னார்.

ஆறாத துயரோடு,
தங்கை