சின்ன ர

அந்த வாரப் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குச் சந்தி என்று பெயர். பெற்றோர் வைத்தது வேறு. ‘இங்கே க் வரணும், அங்கே ப் வராது’ என்று சந்திப்பிழை பிடித்தே தலை நரைத்த மனிதருக்கு வேறென்ன பட்டப்பெயர் வைப்பார்கள்? மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்தால் ‘சாப்டீங்களாப்பா’ என்பதோடு சரி.

அவர் உயிரை வைத்திருந்தது ஒரு தொடர்கதை மேல். ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கும் பாதியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்ட நர்ஸுக்கும் காதல். ஒரு வருஷமாக வாராவாரம் பிழை திருத்தித் திருத்தி, இரண்டு பேரும் அவருக்குச் சொந்தப் பிள்ளைகளாகிவிட்டார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த வாரங்களில் இவருக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த வாரம், பாத்திரக் கடைக்குள் நுழைந்து ஒரு சின்ன குக்கரை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“புதுசாக் கல்யாணமானவங்களுக்கா சார்?” என்று கடைக்காரர் கேட்டதும், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஓட்டம் பிடித்தார். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்த ஆளுக்கு இந்த உலகத்தில் கவலைப்பட வேறு யாரும் இல்லை.

கடைசி அத்தியாயம் கதாசிரியரின் கையெழுத்தில் வந்தது. டைப் செய்யும் பெண்ணிடம் போகும் முன்பே சந்தி அதைப் பிடுங்கிப் படித்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் விபத்து. அடிபட்ட மெக்கானிக்கை நர்ஸ் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வருகிறார்கள். அவளுக்குச் சேதி போகிறது. கடைசி வரி இதுதான்: ‘அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே அந்த வாசலில் அவன் இறந்தான்.’ கீழே, முற்றும்.

சந்தி நேரே மாடிப்படிக்குப் போய்க் கதாசிரியருக்குப் போன் போட்டார்.

“ஐயா, அந்தப் பையனை எப்படியாவது காப்பாத்திடுங்க. கால் போனாலும் பரவாயில்லை. உயிர் மட்டும் இருக்கட்டும்.”

கதாசிரியர் சிரித்தார். “என்னங்க, உங்க வீட்டுப் பையன் மாதிரி கெஞ்சறீங்க! அழ வெக்காம முடிச்சா எவன் ஞாபகம் வெச்சுப்பான்?”

“அந்தப் பொண்ணு இனிமே என்ன பண்ணும்ங்க?”

“எந்தப் பொண்ணு?”

“நர்ஸ்தாங்க.”

“அட, கதைதான் முடிஞ்சுபோச்சே!” என்றார் அவர்களைப் பெற்ற கதாசிரியர்.

மத்தியானம் டைப் செய்த தாள் மேசைக்கு வந்தது. சிவப்புப் பேனாவோடு வரிவரியாக இறங்கிய சந்தி, கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார். ‘அந்த வாசலில் அவன் இரந்தான்.’ டைப் செய்யும் பெண்ணுக்குச் சின்ன ரவும் பெரிய றவும் என்றைக்குமே ஒன்றுதான். இவர் திட்டித் திட்டி ஓய்ந்த பிழை. ஆனால் இரந்தான் என்றால் கெஞ்சினான் அல்லவா? கையேந்தினான் அல்லவா? கெஞ்சட்டுமே. உயிரோடு இருப்பவன்தானே கெஞ்சுவான்! அவள் பெயரைச் சொல்லிக் கெஞ்சுகிறான், அவள் ஓடி வருவாள், உள்ளே தூக்கிப்போய்ப் பிழைக்க வைத்துவிடுவாள்.

இன்னொரு பிழை தப்பினால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று பத்திரிகை ஆசிரியர் போன மாதம்தான் எச்சரித்திருந்தார். பெயரே சந்தியாக இருக்கிற ஆள் இப்படி ஒரு பிழையை விட்டால் பிழைப்பு சந்தி சிரித்துவிடும். ஆனாலும் அந்த எழுத்தைத் திருத்தினால் பையனைக் கொல்வது தன் கையாகிவிடும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பேனாவை மூடினார். பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இதழ் கடைகளுக்குப் போன அன்று காலையிலிருந்தே அலுவலக போன் ஓயவில்லை. ‘பையன் பிழைச்சுட்டானா?’ என்று யாராவது ஒருவராவது கேட்பார் என்று, சந்தியே ஓடிப்போய் எடுத்தார். ஒரு பெண் விசும்பிக்கொண்டிருந்தாள்.

“ஏன் சார் அவனைக் கொன்னீங்க?”

“கொல்லலைம்மா. கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க.”

அவள் படித்தாள். போனில் எந்த ர என்று யாருக்குத் தெரியும்? “செத்துட்டான்னுதானே சார் போட்டிருக்கு!” என்று ஓவென்று அழுதாள்.

அடுத்த போனும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். ஆசிரியருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அவரும் கவனிக்கவில்லை.

டைப் செய்யும் பெண்ணும் கண் வீங்கித்தான் வந்து நின்றாள். “பாவம் அண்ணா. கடைசியிலே இப்படிச் சாகடிச்சுட்டாரே.”

“சாகலைம்மா!” சந்தி இதழைப் பிரித்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினார். “இதோ பாரு. நல்லாப் பாரு. என்ன எழுத்து இது?”

அவள் குனிந்து பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அய்யோ, சின்ன ர போட்டுட்டேனா? மன்னிச்சுக்கோங்க அண்ணா.” பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, அவருக்கு ஆறுதலாகச் சொன்னாள்: “பயப்படாதீங்க. ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. செத்துட்டான்னுதான் எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சே.”

சந்தி அவளையே பார்த்தார். பிறகு இதழின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல வாய்விட்டு அழுதார்.