ஒட்டுப்பால் வைத்து அடைத்த கார்

ஈப்போப் பக்கம் புந்தோங்கில் என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடைக்காரர் நேற்றுப் பசை டப்பாவைத் திறந்தார். பெட்ரோலும் ரப்பரும் கலந்த அந்த வாடை.

"என்னாண்ணே, மோந்துக்கிட்டே நிக்கிறீங்க? பசிக்குதா?"

"இந்தப் பசையக் கண்டுபிடிச்சதே நாங்கதான்லா."

சிரித்தார். நான் உண்மை சொன்னால் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிடும். பொய் சொன்னால் நம்புவார்கள்.

இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய சங்கதி. ஈப்போவிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அதன் ஆலையில் எனக்கு 'பிட்டர்' வேலை. உருளைகளுக்கு எண்ணெய் விடுவதை அப்படித்தான் வெளியில் சொல்லிக்கொண்டேன். சீமைக்குக் கிளம்பிய துரை, மரத்தில் மோதி நசுங்கிய தன் காரைக் கொண்டுபோய்த் தொலை என்று என்னிடம் தள்ளிவிட்டார். மாடு கட்டி வீட்டுக்குப் பின்னால் இழுத்து வந்தோம். 'வந்தோம்' என்றால் நானும் மருதனும். மருதன் என் மனைவி அஞ்சலையின் அண்ணன். பால் மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கிறவன், கல்யாணம் ஆகாதவன், சாப்பாடு எங்களோடு.

காருக்கு நிழல் வேண்டுமே என்று முதலில் ஓலைக் கொட்டகை போட்டோம். ஒழுகியது. தகரம் வேய்ந்தோம். தகரம் பளபளத்ததும் தரை கேவலமாகத் தெரிந்தது. ஈயச் சுரங்கத்து வெள்ளை மணல் கொட்டிச் சிமிந்தி பூசினோம். ரப்பர் அனுப்பும் பெட்டிப் பலகையில் ஒரு மேசை. காருக்கு அடியில் நின்று வேலை செய்ய ஒரு குழி. குழியில் மழைத்தண்ணீர் நின்று தவளைகள் குடிவந்தன. ஒன்பது மாதத்தில் கொட்டகை என் வீட்டைவிட நன்றாக இருந்தது. கார் மட்டும் மாடு கொண்டுவந்து விட்டபடியே இருந்தது.

"காரு எப்ப ஓடும்?" என்றாள் அஞ்சலை.

"மொதல்ல கொட்டாய் முடியட்டும்லா," என்றான் மருதன்.

"அப்ப கொட்டாயவே ஓட்டிக்கிட்டுப் போங்க ரெண்டு பேரும்."

ரோஷம் வந்து இஞ்சினில் கை வைத்தோம். ஒருவழியாக உறுமியது. பெட்ரோல் தொட்டியில் ஒரு விரிசல் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் ஈயம் வைத்துப் பற்றவைக்க ஆள் தேடலாம் என்றேன். மருதன் பேசாமல் போய், மரத்து வெட்டில் காய்ந்துகிடந்த பாலை உரித்துக்கொண்டு வந்தான். ஒட்டுப்பால். கூரை ஒழுகினாலும் வாளி ஒழுகினாலும் செருப்பு அறுந்தாலும் தோட்டத்தில் அதுதான் வைத்தியம்.

"அதான் நம்மகிட்டயே இருக்கே, மாப்ளே!"

உள்ளும் புறமும் அப்பினோம். சொட்டு நின்றது. முற்றத்தில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, காரைக் கொட்டகையில் நிறுத்தி, நாங்கள் சுவரில் சாமான் வைக்கப் பலகைத் தட்டு அடிக்கப் போய்விட்டோம். பச்சை ரப்பர் பெட்ரோலில் கரையும் என்பது, விடிந்தால் ரப்பர் முகத்தில் விழிக்கிற எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பத்து நாள் கழித்து மருதனுக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கிப் போட்டது. தோட்டத்தில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரெசர் வந்து பார்த்தார். "ஈப்போ ஆஸ்பத்திரிக்கு, ஒடனே," என்றார். என்னிடம்தான் கார் இருக்கிறதே! பெருமையாகக்கூட இருந்தது. கம்பளியில் சுற்றிப் பின்னால் படுக்கவைத்துக் கிளம்பினேன்.

மூன்றாவது மைலில் இருமி நின்றது. இரு பக்கமும் ரப்பர் மரம், மொட்டை வெயில், ஆளில்லை. நான் பண்ணியதைக் கேளுங்கள்: காரை மூன்று முறை சுற்றி ஓடினேன். மருதனுக்கு வைத்திருந்த குடிதண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினேன். துரை பேச்சுத்தான் அதற்குப் புரியும் என்று இங்கிலீஷில் திட்டினேன். பிறகு மரங்களைப் பார்த்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பின்னாலிருந்து பல் தந்தியடிக்க ஒரு குரல்: "ஹாரன விட்றுலா, மாப்ளே. அது ஒண்ணுதான் நல்லாருக்கு."

பெட்ரோல் குழாயைக் கழற்றினேன். உள்ளிருந்து நூல் நூலாகப் பசை வந்தது, ஆறிய பாயசம் போல.

ரப்பர் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வர, அதன்மேல் மருதனைக் கிடத்தி ஈப்போ சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் செத்துப்போனான்.

தோட்டத்தில் பாடையை எடுக்கும்போது டிரெசர் என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் முந்தி வந்திருந்தால..." என்றார். மிச்சத்தைப் பறை விழுங்கிவிட்டது. எங்கள் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் லாவைப் போட்டு வந்திருந்தா லா என்றாரா, வந்திருந்தாலும் என்றாரா? லா என்றால் பிழைத்திருப்பான். லும் என்றால் எப்படியும் போயிருப்பான்.

எனக்கு அழுகை வரவில்லை. மறுவாரம் கொட்டகைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தட்டு அடித்தேன். குழிக்கு மூடி செய்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். காரைத் தொடவில்லை. சுத்தியல் விரலில் விழுந்தது. நகம் கறுத்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"எத்தன தட்டுதான் அடிப்பீங்க? வைக்கறதுக்கு என்னா இருக்கு?" என்றாள் அஞ்சலை. அவள் அண்ணனைப் பற்றி என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

டிரெசரை அதற்குப் பிறகும் பல வருடம் தினமும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் லாவா, லும்மா என்று கேட்க வாயைத் திறப்பேன். அவருடைய கோழிகளின் சௌக்கியத்தை விசாரித்துவிட்டு வந்துவிடுவேன். அவர் கோழிகளைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவன் பேராக் மாநிலத்தில் இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில் காரும் தகரமும் போயின. அந்த மரங்களையும் வெட்டிப் புதுக்கன்று நட்டுவிட்டார்கள். சிமிந்தித் தரை மட்டும் புல்லுக்குள் கிடக்கிறதாம். டிரெசரும் போன வருடம் காலமானார். கோழிகளைப் பற்றி இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.