நாலு ஆள் ரூம்

“…வந்தவுகளை வேண்டாம்னு நான் சொல்லல மயினி. இது நாலு ஆள் ரூமு. இப்ப அஞ்சு பேரு இருக்கோம். யாராச்சும் ஒருத்தர் எந்திரிச்சு வெளிய போயிருங்க.”

அம்மா இதைச் சண்டைக்காரி மாதிரியெல்லாம் சொல்லவில்லை. பந்தியில் இடமில்லை, அடுத்த பந்திக்கு இருங்கள் என்பார்களே, அதுபோலக் கொஞ்சம் வருத்தமும் கொஞ்சம் மரியாதையுமாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தது என் அத்தை. அப்பாவுக்கு அக்கா, ஆமத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து, சேவுப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முழுதாக ஒரு மூச்சு விட்டிருக்கமாட்டாள், அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். அறைக்குள் அம்மா, அவள் மடியில் என் தம்பி, கதவோரம் அப்பா, அத்தை, நான். அம்மா எண்ணுவதற்கு முன்னமே நான் எண்ணி முடித்திருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் வீடு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில் இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் கொஞ்சம் வெட்டவெளி, அவ்வளவுதான். பட்டாசு கம்பெனிகளில் ஒவ்வொரு அறையின் வாசலிலும் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். வெடிமருந்து புழங்குகிற அறை என்றால் நாலு. போனால் நாலு பேரோடு போகட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அதை யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அம்மா திரி வைக்கிற வேலையில் பதினோரு வருஷம் இருந்தவள். வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு ஒருநாள் என் சிலேட்டுக் குச்சியை எடுத்து, நிலைக்குள் நின்றபடியே எட்டி, எங்கள் வீட்டு வாசல் சுவரில் ‘ஆள் 4’ என்று எழுதினாள். அப்பா ஈரத்துணியால் துடைத்தார். மறுநாள் மறுபடியும் இருந்தது. மறுபடியும் துடைத்தார். மூன்றாவது முறை துடைக்கவில்லை.

ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்புகிற சீமையில் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு தீப்பெட்டி கிடையாது. அடுப்பு வெளியில் வெட்டவெளிக்கு வந்துவிட்டது. லோடு வண்டி ஓட்டுகிற அப்பா, காலையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் நெருப்பு வாங்கிச் சோறு பொங்கி வைத்துவிட்டுத்தான் போவார். அந்த அக்கா வாய்த்துடுக்கானவள். “ஒங்கம்மா சம்பளம் வாங்காத இன்ஸ்பெக்டருடி” என்பாள். ஒருநாள் அம்மாவிடமே கேட்டுவிட்டாள். “ஏத்தா, மடியில கெடக்கிற கைப்பிள்ளையெல்லாமா ஒனக்குக் கணக்கு?” அம்மா யோசித்துவிட்டு, “மூச்சு விடுறதெல்லாம் ஆளுதான்க்கா” என்றாள். அந்த அக்கா அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. சரியாகத்தானே சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். எங்கள் மட்டில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. யாராவது வரும்போதுதான் தகராறு. வந்தவரைப் போகச் சொல்ல முடியாது. வந்தவரோடு பேச அப்பா வேண்டும். தம்பி சின்னவன். அம்மாவோ, வேலையை விட்டதிலிருந்து முன்வாசலைத் தாண்டியதே இல்லை. குளிக்க, கொள்ள என்று பின்பக்கத் தட்டிக்குள் போய்வருவாள். முன்பக்கம் வந்தால் நிலைவரைக்கும்தான். அங்கே ஏதோ கிணறு இருப்பது மாதிரி நின்றுவிடுவாள். ஒன்றரை வருஷம் அப்படி இருந்தாள்.

ஆகவே வெளியே போவது நான்தான். எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அம்மாவே நிலையில் நின்றபடி கை நீட்டிக் காட்டித் தந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பன்னிரண்டு எட்டு வைத்தால் ஒரு துவைக்கிற கல். “கல்லு வரைக்கும் போத்தா. அதுக்கு இங்கிட்டு நிக்காத. நான் கூப்பிட்டாத்தான் வரணும்.” நான் கல்லின்மேல் ஏறி, வீட்டைப் பார்த்துத் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். கதவு திறந்தே இருக்கும். கம்பெனியிலும் வேலை நேரத்தில் கதவை அடைக்கமாட்டார்கள். உள்ளே பேச்சு நடக்கும், காபி குடிப்பார்கள், சில நேரம் சிரிப்பார்கள். வெயில் நேரத்தில் கல் சுடும். கால் மாற்றி மாற்றி நிற்பேன். வந்தவர் போனதும் அம்மா, “வாத்தா” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில் எனக்குச் செருப்புச் சத்தம் அத்துப்படியாகிவிட்டது. யார் வருகிறார்கள் என்று தெருமுனையிலேயே தெரிந்துவிடும். அம்மா வாயைத் திறக்குமுன் கல்லில் நிற்பேன்.

ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. “பெரியவுக வந்தா எந்திரிச்சு வெளிய போயிருது பாருங்க. அம்புட்டு மரியாதை தெரிஞ்ச பிள்ள” என்பார்கள். தங்கள் பிள்ளைகளை என் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். பெருமையோடு தனியாக நிற்பேன்.

பள்ளிக்கூடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாலு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தால் நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். டீச்சர் நல்ல மனுஷி. இந்தப் பிள்ளையை மற்றவர்கள் ஏதோ காரணத்துக்காக ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துவிட்டார். எங்கள் பக்கம் அப்படி நினைக்கக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்த நாலு பிள்ளைகளையும் வெயிலில் முட்டி போடவைத்தார். பாவம், அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. மறுநாளிலிருந்து நிஜமாகவே என்னோடு யாரும் பேசவில்லை.

அது நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவைப் பற்றி வெளியே சொன்னால் அம்மாவை எங்கேயாவது கொண்டுபோய்விடுவார்கள், அல்லது என்னைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒன்பது வயதில் அதுதான் எனக்கு இருந்த ஒரே பெரிய வேலை.

டீச்சர் அப்பாவை வரச் சொன்னார். தலைமையாசிரியர் அறையில் அவர், டீச்சர், அப்பா, நான். கணக்குச் சரியாக இருந்தது, நிம்மதியாக நின்றேன். பேச்சு நடுவில் ஆயாம்மா டீ கொண்டு உள்ளே வந்தார். நான் திரும்பி வெளியே நடந்து, கொடிக்கம்பத்துப் பக்கம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். டீயை வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை நாளும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார் என்று கேட்பீர்கள். வீட்டில் பார்த்தது வேறு போலிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே அத்தைக்குப் போன் போட்டார்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். நான் காலையிலேயே ஒன்றைப் பார்த்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் ஒரு கட்டைப்பை. அதில் என் பாவாடை, சட்டை, பள்ளிக்கூடத்துப் புத்தகம். தம்பி துணி ஒன்றுகூட இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்தாவது ஆள் நான்தான். இந்த முறை கல்லுவரைக்கும் இல்லை, ஆமத்தூர்வரைக்கும்.

கதை எங்கே போய் முடியுமோ என்று பயப்பட வேண்டாம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் ஆமத்தூர் போகவில்லை. என்னை ஏற்றிப்போக வந்த ஆட்டோ அம்மாவைத்தான் ஏற்றிக்கொண்டு விருதுநகரில் ஒரு டாக்டரிடம் போனது. ஏறமாட்டேன் என்று நின்றவளிடம் அத்தை, “நீ, ஒம் புருசன், நானு, டிரைவரு. நாலு பேருதான் ஆத்தா, கணக்குச் சரியா இருக்கு” என்றாள். அதன்பிறகுதான் அம்மா ஏறினாள். தம்பியும் நானும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கி எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டாள். அம்மா இன்றைக்கும் இருக்கிறாள். மாத்திரை போடுகிறாள், கோயிலுக்குப் போகிறாள், நான் போனில் பேசினால் குழம்பு என்ன என்று கேட்கிறாள். மாத்திரையை நிறுத்தினால்தான் விரல் தானாக எண்ண ஆரம்பிக்கும். நானும் ஒன்றும் குறைந்தவளில்லை. இன்றைக்கும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போனால், “இருக்கட்டும், நான் நின்னுக்கிறேன்” என்றுதான் வாயில் வரும். பணிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

அம்மா ஏன் வேலையை விட்டாள் என்பதை நான் பிளஸ் டூ முடித்த வருஷம்தான் அப்பா சொன்னார். லோடு வண்டியில் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். “சீசன் நேரம். ஆர்டர் நெருக்குது. நாலு ஆள் ரூமுல அஞ்சு பேர வச்சு வேல வாங்கியிருக்காங்க. செக்கிங்குக்கு ஆளு வருதுன்னதும் போர்மேன் ஓடியாந்து, யாராச்சும் ஒருத்தர் வெளிய போயிருங்கன்னுருக்காரு. ஒங்கம்மா எந்திரிச்சிருக்கா. தண்ணித் தொட்டிக்கிட்டப் போயித் திரும்புறதுக்குள்ள ரூமு வெடிச்சிருச்சு.”

அப்போது உள்ளே இருந்தது சரியாக நாலு பேர். அதை நான் அம்மாவிடம் இதுவரை கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். யாராச்சும் ஒருத்தர் வெளிய போயிருங்க என்று அம்மா சொன்னாளா, நான் வழக்கம்போல எழுந்தேன். ஒழுங்காக, சொன்னபடி, சத்தமில்லாமல் கல்லுக்குப் போய்விட்டால் என்னை ஆமத்தூருக்கு அனுப்பவேண்டிய அவசியமே வராது என்று எனக்கு ஒரு கணக்கு. அத்தை என் பாவாடையைப் பிடித்துவிட்டாள்.

“நீ எங்கத்தா போற?”

“கல்லுக்கு.”

“எதுக்கு?”

“யாரும் வந்தா போவேன்.”

“யாரு வந்தா?”

“யாரு வந்தாலும்.”

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் கால் விரலைப் பார்த்தார். “ஏலே, வெறகு காயப்போடுற மாதிரி பிள்ளைய வெயில்ல காயப்போட்டு வளக்கியளே, நல்லாருக்காலே இது?” என்றவள், அம்மா பக்கம் திரும்பிக் குரலை இறக்கிக்கொண்டாள். “சரித்தா, நான் வேணும்னா அடுப்படியில போயி உக்காந்துக்கிறேன்.”

“அடுப்படியில ஆளே இருக்கக்கூடாது மயினி.”

“அப்ப ஒம் புருசனப் போகச் சொல்லு.”

“நீங்க பேச வந்ததே அவருகிட்டதான?”

அத்தைக்கே ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். “இன்னைக்கு இந்தப் பிள்ள எங்கயும் போகாது. நீ என்ன சொன்னாலும் சரி” என்றாள். பாவாடையை விடவில்லை.

அம்மா எண்ண ஆரம்பித்தாள். உதடு அசைவது தெரிந்தது. அத்தை, அப்பா, நான், தம்பி, தான். மறுபடியும் முதலிலிருந்து. நெற்றியில் வியர்வை துளிர்த்து மூக்கோரம் இறங்கியது. அவள் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்கு நடுவில் இருந்த வெறுந்தரையைப் பார்த்தாள். அங்கே எது பற்றிக்கொள்ளப் போகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது. என்னைப் போகவிடச் சொல்லி அத்தையின் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதேனா என்று ஞாபகமில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த கட்டைப்பையையும் அவள் பார்த்தாள்.

பிறகு தம்பியை மடியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள். சேலையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். கம்பெனிக்குள் நடக்கும்போது அப்படித்தான் செருகுவார்கள், துணி தரையில் உரசக்கூடாது. நிலைவரைக்கும் வந்தாள். வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள். அப்பா, “ஏய், எங்க…” என்று எழப்போனார், அத்தை கையமர்த்தினாள்.

அம்மா நிலையைத் தாண்டி வெயிலில் இறங்கினாள்.

நான் உள்ளே எண்ணினேன். அத்தை, அப்பா, தம்பி, நான். நாலு. அவ்வளவு லேசாக இருந்தது. விருந்தாளி வந்திருக்க, வீட்டுக்குள் நான் உட்கார்ந்திருந்தது அன்றுதான். அத்தை சேவுப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். தின்றேன். தம்பிக்கும் ஒன்று ஊட்டினேன். இனி வெளியே போகிற ஆள் அம்மா, அதனால் ஆமத்தூருக்கும் நான் போகவேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெட்டவெளியில் கூப்பிட்டால்தான் வரலாம் என்பதும், கூப்பிடவேண்டிய ஆள் இப்போது நான் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. வாய் நிறையச் சேவோடு வாசல் வழியே பார்த்தேன். அம்மா பன்னிரண்டு எட்டு நடந்து, துவைக்கிற கல்லின்மேல் ஏறி, வீட்டைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.