புளியில்லாத மீன் குழம்பு

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நோய் வருவதில்லை. அசதி வரும், வெயில் ஒத்துக்கொள்ளாது, தூக்கம் போதாது. ஆகவே, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் என் அக்கா மீன் குழம்பில் புளி ஊற்ற மறந்தபோது, அது நோயாக இருக்க வாய்ப்பே இல்லை.

ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் கூடிச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அவள் சமையலைக் குறை சொல்லாததும் வழக்கம். மஞ்சள் தண்ணீரில் மிதந்த மீனைத் தின்றுவிட்டு எல்லாரும் அருமை என்றோம். அத்தான் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார். தாம்பத்தியத்துக்குப் பதக்கம் இருந்தால் அன்றைக்கே அவருக்குக் குத்தியிருக்கலாம்.

தைப்பூசம் முடிந்த வாரம், தேக்கா சந்தையில் மீன் வாங்கியவள் எதிர்த்திசைப் பேருந்தில் ஏறி ஹவ்காங் போய்ச் சேர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து போய்வரும் வழி. அன்று வெயில் அதிகம் என்றார் அத்தான். அந்த ஞாயிறு தன் மகளிடம் ஒரே கேள்வியைச் சாப்பாடு முடிவதற்குள் மூன்று முறை கேட்டாள். அது பாசமாம்.

அல்சைமர் நோயின் ஆரம்ப அறிகுறிகளைச் சொல்லும் சுவரொட்டி அவர்கள் அடுக்குமாடிப் புளோக்கின் மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான்கு மொழிகளில். நாங்கள் அதை நான்கு மொழிகளிலும் படிக்காமல் கடந்தோம். நானோ அந்த நோயைப் பற்றி இரண்டு புத்தகங்கள் படித்தவன். அவற்றில் வந்தவர்கள் யாரும் என் அக்கா இல்லை என்பதால் நிம்மதியாக மூடிவைத்திருந்தேன்.

மாசி பிறந்து முதல் ஞாயிறு. மறுபடியும் மஞ்சள் தண்ணீர். மறுபடியும் அருமை. அக்கா உட்காரவில்லை. கரண்டியோடு நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"நல்லா இல்லன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க லா. என் நாக்குக்கு ஒண்ணும் தெரியல. நீங்க மரியாதையா முழுங்கிட்டே இருந்தா நான் யார கேக்குறது?"

அத்தான் தட்டைப் பார்த்தார். மகள் கைப்பேசியைப் பார்த்தாள்.

"புளி இல்லக்கா," என்றேன். "போன மாசமும் ஒரு தடவ இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கரண்டியை வைத்துவிட்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சரி. நாளைக்குப் பாலிகிளினிக் போறேன். நீ கூட வா, தம்பி. இவங்க யாரும் வேணாம். டாக்டர்கிட்டயும் அருமைன்னு சொல்லிடுவாங்க."